வேன் கொட்டகையில் படிக்க முடியாத செய்தி

சேர வேண்டிய இடத்தில் ஒரு செய்தி சேர்ந்துவிட்டால் போதுமா, வழியில் அதை யார் படிக்கிறார்கள் என்பதும் அனுப்புகிறவரின் பொறுப்பா? பழைய கேள்விதான். சென்ற வாரம் தேர்வாய் கண்டிகை சாலையில் நான் ஏறிய ஷேர் ஆட்டோவில், ஓட்டுநரின் கைப்பேசி அவருக்கு வந்த குறுஞ்செய்தியை அனைவருக்கும் கேட்கும்படி வாசித்தது. உடனே மசால்வடை வாசனை அடித்தது போலிருந்தது. நாகராஜ் அண்ணனின் கொட்டகை நினைவுக்கு வந்துவிட்டது.

நான் முதலில் மென்பொருள் வேலைபார்த்த தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளர்களை வேனில் ஏற்றிவிடுபவர் அவர். கேட்டுக்கு வெளியே, வடைக்கடையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு பழைய கணினி. திரையில் எது வந்தாலும் உரக்கப் படிப்பார். வண்டி இரைச்சலில் வேறு வழியும் இல்லை.

பக்கத்து மருத்துவ அறையின் குறிப்புகளை, அந்தக் கணினி வழியாகவே தலைமை மருத்துவருக்கு அனுப்ப ஏற்பாடு செய்யும் பணி எனக்கு வந்தது. இரண்டு மென்பொருள்கள் எந்த முறையில் பேசிக்கொள்கின்றன என்பதற்குப் பெயர் பைண்டிங். 'பேசிக்', அதாவது அடிப்படை பைண்டிங் எளியது, பழைய கணினிக்கும் புரியும். ஆனால் செய்தி அஞ்சலட்டைபோலத் திறந்தே போகும், வழியில் கொட்டகைத் திரையிலும் தெரியும். மேம்பட்டது, செய்தியைப் புறப்படும் இடத்திலேயே பூட்டிவிடும், சற்று மெதுவானது. நான் விரும்பியது மேம்பட்டதை. சமூக அக்கறையால் அல்ல; புதுக் குடை வாங்கியவள் மழையைத் தேடுவது போலத்தான். பேசிக்கே போதும் என்றது அலுவலகம்.

சோதனைக்கு ஒரு கற்பனைப் பெயரில் குறிப்பை அனுப்பினேன்.

"யாருப்பா இந்த மல்லிகா? ரத்தம் கம்மியாம். ஈரல் துன்னச் சொல்லுங்க!" என்று வாசித்தார் நாகராஜ்.

வேனுக்காக நின்ற வரிசையே சிரித்தது. பேக்கிங் பிரிவுத் தேவகி மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஓரமாக அழைத்தார்.

"என் சமாச்சாரமும் இப்டித்தான் வருமா மேடம்? முழுகாம கீறேன். நர்ஸம்மாக்கு மட்டும்தான் தெரியும். காண்ட்ராக்டரு காதுல வுழுந்தா, ஊட்லயே இருன்னுடுவாரு."

ஒரே சேவைக்கு இரண்டு வாசல் வைக்கலாம் என்பது பாடத்தில் படித்ததுதான். யாருக்காக என்பது அப்போதுதான் விளங்கியது. வேன் விவரங்களைப் பேசிக்கிலும், மருத்துவக் குறிப்புகளை மேம்பட்டதிலும் அனுப்ப வாதாடினேன். தாமதமாகும் என்றார்கள். அந்தத் தாமதத்தால் யாருக்கும் வேலை போகாது என்றேன். ஒப்புக்கொண்டார்கள்.

முதல் பூட்டிய குறிப்பு திரையில் வந்தபோது நாகராஜ் கண்ணைக் கசக்கினார்.

"இன்னா மேடம் இது, அல்லாம் பூச்சி பூச்சியா கீது?"

"படிண்ணா, சத்தமா படி!" என்றார் தேவகி. இம்முறை முதலில் சிரித்தவர் அவர்தான்.

குறிப்பைப் படித்த தலைமை மருத்துவர் தேவகிக்கு உட்கார்ந்து செய்யும் வேலை எழுதிக் கொடுத்தார். அந்த உத்தரவைக் காண்ட்ராக்டரால் மீற முடியவில்லை. அதன்பின் தேவகி தாம் கருவுற்றிருக்கும் செய்தியைத் தாமாகவே வேனில் சொன்னார்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?" என்று குறைப்பட்டார் நாகராஜ்.

"உங்கிட்ட சொன்னா கும்மிடிப்பூண்டிக்கே கேட்டிருக்கும்ண்ணா."

இப்போது அங்கே கொட்டகை இல்லை. வேன் எண் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. அந்த இரண்டு பைண்டிங்குகளும் என் வேலையிலிருந்து எப்போதோ விடைபெற்றுவிட்டன. ஆனால் அந்தப் பூட்டு வந்தபின், கொட்டகை இருந்தவரை எவருடைய மருத்துவக் குறிப்பும் அங்கே உரக்க வாசிக்கப்படவில்லை.