மோடத்தின் மேல் பாகல் விதை

வெளிநாட்டில், கிரவீன் என்ற புறநகரில் நாங்கள் சிலர் சேர்ந்து வாடகைக்கு இருந்த வீட்டில் பக்கத்து அறைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பது தாண்டியவர். வெயிலிலும் கம்பளித் தொப்பியைக் கழற்றமாட்டார்.

முன்பு குடியிருந்த யாரோ கராஜில் விட்டுப்போன பாகல் விதைப் பொட்டலம் அவர் கண்ணில் பட்டது. காலாவதியாகிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நகவெட்டியால் ஒவ்வொரு விதையின் நுனியையும் லேசாக வெட்டி, ஈர டிஷ்யூவில் சுற்றி, ஒரு சின்ன டப்பாவில் போட்டு, சூட்டுக்காக வைஃபை மோடத்தின் மேல் வைத்தார்.

"கடையில புது விதை கிடைக்குமே அண்ணே?" என்றேன்.

"புதுசு தன்ரபாட்டில முளைக்கும் தம்பி. அதுக்கு நான் தேவையில்லை."

அந்த வாரக் கடைசியில் வெளியே கிளம்பும்போது, ஊர்ப் பழக்கத்தில் மோடத்தையும் சேர்த்து எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போய்விட்டேன். திரும்பி வந்தால் டப்பா அவருடைய ஜாக்கெட்டின் உள்பையில், உடம்புச் சூட்டில் இருந்தது. அதன்பின் மோடத்தையும் நம்பவில்லை, என்னையும் நம்பவில்லை. வேலைக்கும் அதைச் சுமந்துகொண்டே போனார்.

ஒன்பதாம் நாள் ஒரே ஒரு விதை வெள்ளையாக வேர் விட்டது. அதைத் தயிர் டப்பாவில் நட்டு என்னிடம் நீட்டினார்.

"நீங்கள் வச்சிருங்கோ. எனக்குப் பாவற்காய் பிடிக்காது."

அடுத்த மாதம் வேறு வீட்டுக்குப் போய்விட்டார். இன்றைக்கும் வெளியே கிளம்பும்போது எல்லாவற்றையும் அணைக்கிறேன், மோடத்தைத் தவிர.