சப்பாத்தோடு உள்ளே வந்த காய்ச்சல்

ரொறன்ரோவில் ஒரு பெரிய மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் சுபாங்கி பதினான்கு வருடங்களாகப் படமெடுத்து வருகிறாள். அவளுடைய வேலை என்னவென்று சொந்தக்காரருக்கு விளங்கவைப்பது எப்போதும் கஷ்டம். எக்ஸ்ரேயா என்று கேட்பார்கள். இல்லை, சாதாரணக் கமராதான். தீக்காயம் எப்படி ஆறுகிறது, தழும்பு எப்படி மாறுகிறது, தோலில் வந்த தடிப்பு என்ன நிறம் என்பதையெல்லாம் மருத்துவர்கள் வாரத்துக்கு வாரம் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதற்காக ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் நின்று எடுக்கவேண்டும்.

அவளுடைய அப்பா மோகனசுந்தரம் ஸ்காபரோவில் இருபத்திரண்டு வருடம் டாக்ஸி ஓட்டியவர். மகள் கல்லூரியில் புகைப்படம் படிக்கப்போவதாகச் சொன்னபோது, "படம் பிடிக்கிறதுக்கோ உன்னைக் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தனான்?" என்று கேட்டார். அவள் மருத்துவமனை அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனபிறகுதான் கொஞ்சம் ஆறினார். "மகள் ஹொஸ்பிற்றலிலை" என்று மட்டும் வெளியில் சொல்லுவார். அதற்குமேல் யாரும் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

சுபாங்கியிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் குழந்தை வந்தாலும் கமராவை முதலில் அதன் கையில் கொடுத்து, "நீ என்னை எடு" என்பாள். பிறகு, "இப்ப நான் உன்னை எடுக்கட்டா?" என்று கேட்பாள். வேண்டாம் என்றால் காத்திருப்பாள். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு போரினால் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறிய இடப்பெயர்வில், தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் அவள் இருந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. தலையில் புண் வந்து மொட்டையடித்திருந்தார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து குனிந்து படமெடுத்துவிட்டுப் போனார். கனடா வந்து சில வருடங்களின் பின், நூலகத்தில் ஒரு நிவாரண அமைப்பின் புத்தகத்தைப் புரட்டியபோது அந்தப் படம் அகப்பட்டது. கீழே பெயர் இல்லை. படத்தில் ஒரு குறையும் சொல்லமுடியாது, வெளிச்சம்கூட நன்றாக விழுந்திருந்தது. ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை.

சென்ற வசந்தத்தில் மருத்துவமனைக் காப்பகத்துக்கு மூன்று பெட்டிகள் வந்தன. மிச்சிகோ தெராஷிமா என்ற குழந்தை மருத்துவர் இறந்தபின் அவருடைய அண்ணனின் மகள் கேரன் அவற்றைக் கொடுத்திருந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் சிலைட் படங்கள், ஆயிரத்துக்கு மேல். அவற்றைக் கணினியில் ஏற்றும் வேலை சுபாங்கிக்கு வந்தது.

முதல் பெட்டியைத் திறந்து ஒளிமேசையில் பரப்பியபோது அவளுக்கு வியப்பாக இருந்தது. எல்லாம் நோயுற்ற குழந்தைகளின் படங்கள், ஆனால் ஒன்றிலும் முழு முகம் இல்லை. கைகள், பாதங்கள், ஒரு கண், நீட்டிய நாக்கு. ஒவ்வொரு படத்தின் அட்டைச் சட்டத்திலும் பென்சிலால் எழுதியிருந்தது: நாள் 2, நாள் 4, நாள் 5. ஒரே குழந்தையின் ஒரே கை, அடுத்தடுத்த நாட்களில்.

விளக்கம் கேட்டுக் கேரனுக்கு எழுதினாள். அவர் நேரிலேயே வந்தார். அறுபத்தாறு வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. சனிக்கிழமைகளில் ஜப்பானிய வகுப்பும் நடத்தியவர்.

"மாமி மலைக்குள் ஒரு முகாமில் பிறந்தவர்" என்றார் கேரன். "இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் என்று எங்கள் ஆட்களைப் பசிபிக் கரையிலிருந்து அகற்றியபோது படகு, வானொலி, கமரா எல்லாவற்றையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. தாத்தாவிடம் ஒரு கமரா இருந்தது. அதுவும் போனது. அதனால் மாமியின் குழந்தைப் பருவத்துக்குப் படமே இல்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. நெஞ்சில் சளி என்று சட்டையைக் கழற்றி நிறுத்தி யாரோ எடுத்தது. அதை மாமி வைத்திருக்க விரும்பவில்லை."

தன்னுடைய மொட்டைத் தலைப் படத்தைப்பற்றி வேலையிடத்தில் சுபாங்கி யாருக்கும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னாள்.

போர் முடிந்தும் கரைக்குத் திரும்ப அனுமதி கிடைக்காமல் தெராஷிமா குடும்பம் கிழக்கே ரொறன்ரோவுக்கு வந்தது. மிச்சிகோ இங்கே மருத்துவம் படித்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதில் இரண்டு வருடம் தோக்கியோவில் பயிற்சிக்குப் போனார். சிறுபிள்ளைகளுக்கு வரும் ஒரு புதுவிதக் காய்ச்சலைப்பற்றி அங்கேதான் அப்போது பேசிக்கொண்டிருந்தார்கள். இன்று உலகம் முழுவதும் அதைக் கவசாக்கி நோய் என்கிறார்கள். கண் சிவக்கும், உதடு வெடிக்கும், தடிப்பு வரும், கை வீங்கும். எல்லாம் ஒரேநாளில் வராது. ஒன்று வரும்போது மற்றது மறைந்திருக்கும். காலத்தில் கண்டுபிடிக்காவிட்டால் இதயக் குழாயைப் பாதிக்கும். அதனால்தான் அவர் நாள்வாரியாகப் படமெடுத்தார்.

மூன்றாம் பெட்டியின் அடியில் கையால் கட்டிய சிறு புத்தகம் ஒன்று இருந்தது. பன்னிரண்டு பக்கம். பக்கத்துக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம், அதன்கீழ் சிறுபிள்ளைகள் வாசிக்கும் எழுத்தில் இரண்டு மூன்று வரி. தன்னிடம் வரும் ஜப்பானியப் பிள்ளைகளுக்காக மருத்துவரே எழுதியது. கேரன் விரலை வைத்து வாசித்து ஆங்கிலத்தில் சொன்னார்.

ஒரு வீட்டுக்குக் காய்ச்சல் வருகிறது. எல்லோரும் சப்பாத்தை வாசலில் கழற்றும் வீடு அது. காய்ச்சல் மட்டும் சப்பாத்தோடு உள்ளே வந்து பிள்ளையின் கட்டிலில் இருந்துவிடுகிறது. மறுநாள் பிள்ளையின் கண்ணுக்குச் சிவப்பு மை பூசுகிறது. அடுத்தநாள் நாக்கில் ஸ்ரோபெரி நிறத்தை விட்டுவிடுகிறது. பிறகு தன்னுடைய தடித்த கையுறையைப் பிள்ளைக்கு மாட்டிவிடுகிறது. ஐந்தாம் நாள் மருத்துவர் வந்து, "நீ வந்து எத்தனை நாள்?" என்று அதைக் கேட்கிறார். நாளை எண்ணுவது காய்ச்சலுக்குப் பிடிக்காது. அது எழும்பிப் போய்விடுகிறது.

"சப்பாத்தோடு கட்டிலில்!" என்று சுபாங்கி சிரித்தாள். "எங்கள் வீடுகளில் இதைவிடப் பெரிய குற்றம் இல்லை."

இதெல்லாம் நடந்து மூன்று கிழமை இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கும் ஸ்ரௌவ்வில்லிலிருந்து பிரதீபா வீடியோவில் அழைத்தாள். சுபாங்கியின் சித்தியின் மகள். அவளுடைய மூன்று வயது மகள் ஆரபிக்குக் காய்ச்சல்.

"இறங்குதே இல்லை அக்கா. மருந்து குடுத்தால் ரெண்டு மணித்தியாலம், பிறகு திரும்ப ஏறுது. ரெண்டாம் நாளே வோக்-இன் கிளினிக்குக்குக் கொண்டுபோனனாங்கள். வைரஸ், தானாப் போயிடும் எண்டவை."

"இண்டைக்கு எத்தினையாம் நாள்?"

பிரதீபா விரல்விட்டு எண்ணினாள். "ஞாயிறு, திங்கள்... ஆறு. இல்லை, ஏழு."

"பிள்ளையைக் கிட்டக் காட்டு. கண்ணிலை பீளை வருதோ?"

"இல்லை, சும்மா சிவப்பாத்தான் இருக்கு. சொண்டும் வெடிச்சுப்போச்சு. வாய் திறக்கவே விடுறாளில்லை."

தாயின் தோளில் கிடந்த ஆரபி அழத் தொடங்கியபோது நாக்கு தெரிந்தது. அந்த நிறத்தைச் சுபாங்கி மூன்று கிழமையாக ஒளிமேசையில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரதீபா, நான் டொக்டர் இல்லை. எனக்கு ஒண்டும் நிச்சயமாச் சொல்லேலாது. ஆனால் இப்பவே எங்கடை ஹொஸ்பிற்றல் எமேர்ஜென்சிக்கு வெளிக்கிடுங்கோ. நானும் அங்கை வாறன்."

"அக்கா, என்னெண்டு நினைக்கிறியள்?"

"வெளிக்கிடு. போற வழியிலை உன்ரை போனிலை இந்தக் கிழமை எடுத்த படமெல்லாத்தையும் தேடி வை."

ரூஜில் இருக்கும் தன் வீட்டிலிருந்து சுபாங்கி போய்ச் சேர்ந்தபோது பிரதீபாவும் கணவன் வினோதனும் காத்திருப்பு அறையில் இருந்தார்கள். வினோதன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு மணித்தியாலம் கழித்து ஓர் இளம் மருத்துவர் வந்தார். பொறுமையாகத்தான் பார்த்தார். கண்ணையும் உதட்டையும் குறித்துக்கொண்டார். "உடம்பில் தடிப்பு ஏதும் வந்ததா? இப்போது ஒன்றும் தெரியவில்லையே. கைகால் வீக்கமும் இல்லை."

"வந்தது மாதிரித்தான்" என்றாள் பிரதீபா. "வெக்கைக்கு எண்டு நினைச்சனான்." அதை ஆங்கிலத்தில் சொல்ல முயன்று நாக்குளறி நின்றாள்.

சுபாங்கி போனை வாங்கினாள். காத்திருந்த நேரத்தில் இருவரும் படங்களை நாள்வாரியாக அடுக்கியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை குளிக்கவார்த்துவிட்டு எடுத்த படத்தில் முதுகு முழுவதும் தடிப்பு. வியாழக்கிழமை பிரதீபாவின் தங்கை பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியபோது எடுத்த படத்தின் ஓரத்தில் ஆரபியின் கை. சுபாங்கி அதைப் பெரிதாக்கினாள். விரல்கள் உருண்டு, தோல் இறுகி மினுங்கியது.

"நாள் மூன்று, நாள் ஐந்து" என்றாள்.

இளம் மருத்துவர் போனை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மூத்த மருத்துவரைக் கூப்பிடப் போனார். அன்று மாலையே கவசாக்கி நோய் என்று முடிவாகி, நாளத்தில் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். பன்னிரண்டு மணித்தியாலம் ஏறியது. மறுநாள் மத்தியானம் ஆரபி முதல்முறையாகப் பசிக்கிறது என்றாள். வினோதன் வெளியே தாழ்வாரத்துக்குப் போய் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் அழுதுமுடியும்வரை சுபாங்கி கிட்டப் போகவில்லை.

ஆனால் எல்லாம் சுகமாக முடிந்துவிடவில்லை. இதய ஸ்கானில் இடப்பக்கக் குழாய் ஒன்று சற்று விரிந்திருந்தது. இன்னும் ஒருநாள் முந்தி வந்திருக்கலாமோ என்று பிரதீபா திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆறு கிழமைக்குப் பிறகு எடுத்த ஸ்கானில் விரிவு குறைந்திருந்தது. வருடம் முடியத் திரும்பவும் பார்க்கவேண்டும். அதுவரை அவர்கள் அந்தத் தேதியை நினைத்துக்கொண்டே வாழவேண்டும்.

இடையில் சுபாங்கி அந்தச் சிறு புத்தகத்தைத் தமிழாக்க அனுமதி கேட்டாள். கேரன் சந்தோஷமாகச் சம்மதித்தார். பதினொரு பக்கம் ஒரு வாரத்தில் முடிந்தது. கடைசிப் பக்கத்தில் சிக்கிக்கொண்டாள். காய்ச்சல் வாசலில் நின்று 'சயோனாரா' என்று விடைபெறுகிறது. அதற்குத் தமிழில் என்ன எழுதுவது?

"சின்ன விஷயம்தானே" என்றாள் பிரதீபா. ஆரபி பக்கத்தில் வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். "போயிட்டு வாறன் எண்டு போடுங்கோவன்."

"போயிட்டு வாறதோ? காய்ச்சலோ?"

பிரதீபாவின் முகம் மாறியது. "ஐயோ, வேண்டாம். வேண்டாம் அக்கா."

கேரனுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவரும் சிரித்தார். ஜப்பானியரும் வீட்டைவிட்டு வெளியே போகும்போது போய்வருகிறேன் என்றுதான் சொல்வார்களாம். மாமி அதை வேண்டுமென்றே தவிர்த்திருப்பார் என்றார்.

"போறன்" என்ற சொல்லை வீட்டில் யாரும் சொல்ல விடமாட்டார்கள். சின்னவயதில் அப்படி ஒருமுறை சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் புறப்பட்டதற்காகச் சுபாங்கியை அம்மா வாசலிலிருந்து திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள்.

"போறன் எண்டே எழுதுங்கோ" என்றாள் பிரதீபா கடைசியில். "அதுக்கு மட்டும் அப்பிடிச் சொல்லலாம்."

அப்படியே எழுதினாள். மருத்துவமனை அச்சகத்தில் ஜப்பானியம், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் இருநூறு பிரதிகள் அடித்தார்கள். அட்டையில் மிச்சிகோ தெராஷிமாவின் பெயர் இருந்தது. முதல் பிரதியை ஆரபிக்குத்தான் வாசித்தாள். பிள்ளை கடைசிவரை அசையாமல் கேட்டாள். பிறகு கதவருகே வெறும் சப்பாத்து மட்டும் நிற்கும் கடைசிப் பக்கப் படத்தில் விரலை வைத்தாள்.

"Where did he go? அவருக்கு வீடு இல்லையா?"

கேரனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள் சுபாங்கி. கேட்டாள். கேரனுக்கும் தெரியவில்லை.