வெர்னெல் வீட்டுக் கால்மிதி

வெர்னெல் பிக்கெட் வீட்டு வாசலில் இப்போது கால்மிதி கிடையாது. அமெரிக்காவில் ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் ஈரி ஊரில் வருஷத்தில் பாதி நாள் பனிதான். ஏரிக்காற்று அள்ளிக்கொண்டு வந்து வாசலில் கொட்டிவிட்டுப் போகும். பூட்ஸோடு உள்ளே போனால் கூடமெல்லாம் ஈரம். ஒரு கால்மிதி வாங்கிப் போடேன் என்று நானும் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டேன். துணியை எடுத்துத் தரையைத் துடைப்பாளே தவிர, வாங்க மாட்டாள். காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். வெளியே சொன்னது தெரிந்தால் அடிப்பாள். அடிக்கட்டும்.

நானும் அவளும் ஒரே டெப்போவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டினோம். அவள் பஸ்ஸில் பிள்ளைகள் மூச்சு விடமாட்டார்கள். கண்ணாடியைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டால் கடைசி சீட்டில் இருப்பவன் கையில் வைத்திருப்பது தானாகக் கீழே விழும். அப்படிப்பட்ட தொண்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தொண்டையை எங்கள் ஊர் ஃபுட்பால் அணி ஆங்கர்ஸின் ஆட்டத்துக்குக் கொண்டுவருவாள். எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்து சீசன் டிக்கெட், வடக்குக் கோட்டுக்குப் பின்னால், கம்பித் தடுப்பை ஒட்டியே.

எங்கள் ஊர் ஃபுட்பால் காலால் ஆடுவது அல்ல. கையால் எறிந்து, கட்டிப்பிடித்து உருண்டு ஆடுவது. எதிராளி பந்தோடு நம் கோட்டைத் தாண்டிவிட்டால் டச்டவுன். தாண்டவிடாமல் பிடித்துத் தள்ளுவதற்கு என்று தடுப்பாட்டக்காரர்கள் இருக்கிறார்கள். ஆங்கர்ஸின் தடுப்பாட்டக்காரர்கள் நல்ல மரியாதை தெரிந்தவர்கள்; வருகிறவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். அணிக்கு நங்கூரம் என்று பெயர் வைத்துவிட்டு மூழ்காதே என்றால் எப்படி?

கால்மிதி கதை அங்கேதான் ஆரம்பம். டிசம்பரில் மைதானத்து சிமெண்டுத் தரை காலை உறைய வைத்துவிடும். சிலர் அட்டை கொண்டுவந்து அதன்மேல் நிற்பார்கள், சிலர் பழைய கம்பளத் துண்டு. வெர்னெல் தன் வீட்டு வாசலில் கிடந்த கால்மிதியையே சுருட்டிக்கொண்டு வருவாள். 'வெல்கம்' என்று பெரிதாக எழுதியிருக்கும். ஒருநாள் எங்கள் ஆட்கள் வரிசையாக டச்டவுன் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பொறுக்கவில்லை. காலடியில் கிடந்ததை எடுத்து, பனியை உதறி, கம்பியில் விரித்துப் போட்டு எதிரணியைப் பார்த்துக் கத்தினாள்.

"வாங்க, வாங்க! காலைத் துடைச்சுட்டு உள்ள வாங்க!"

எங்கள் பகுதியே விழுந்து விழுந்து சிரித்தது. டிவிக்காரன் படம் பிடித்தான். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. எவன் தவறவிட்டானோ அவனைப் பார்த்து இன்னொன்றும் சேர்த்துக்கொள்வாள்: "யாருடா உன்னைப் பெத்தவ? கூப்பிடு அவளை! ரெண்டு வார்த்தை கேக்கணும்!"

கால்மிதியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள் மகன் மார்லன். அப்பன் இல்லாத பிள்ளை. கைக்குழந்தையிலிருந்து அந்தக் கம்பி ஓரத்தில்தான் வளர்ந்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே அம்மாவின் இரண்டு வசனத்தையும் அம்மா குரலிலேயே சொல்வான். நாங்கள் இறைச்சி வைத்துச் சுட்ட பெப்பரோனி ரொட்டி உருண்டையைக் கையில் கொடுத்து, இன்னொரு தடவை சொல்லு என்போம்.

அந்த மார்லன் பெரியவனாகி, கல்லூரி அணியில் ஆடி, லீக் அணிகள் புது ஆள் எடுக்கும் ஏப்ரல் மாதத்துத் தேர்வுக்கு வந்து நின்றான். கேவலமாகத் தோற்ற அணிதான் புதுப் பையன்களை முதலில் பொறுக்கலாம் என்பது இந்த லீகின் தர்மம். அந்தத் தர்மத்தில் எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆங்கர்ஸ் மூன்று பேரை எடுத்தது, மூவரும் தடுப்பாட்டத்துக்கு. அதில் ஒருவன் மார்லன். பத்திரிகையில் 'புது ரத்தம்' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். பழைய ரத்தம் எங்கே போயிற்று என்று ஒருவனும் கேட்கவில்லை.

மறுநாள் டெப்போவில் வெர்னெல் தரையில் நிற்கவில்லை.

"பார்த்தியா வால்ட்! மூணு பேர்! இந்த வருஷம் ஒருத்தன் நம்ம கோட்டைத் தாண்டமாட்டான்."

"பிரேக் போன பஸ்ஸுக்குப் புது வைப்பர் மாட்டினா வண்டி நிக்குமா வெர்னெல்?"

"என் பையன் வைப்பரா?"

"நல்ல வைப்பர்தான். ஆனா வண்டி நிக்காது."

"உன் வாயில கொள்ளிய வைக்க" என்று காபியை என் சட்டையில் ஊற்றப் பார்த்தாள்.

முதல் ஆட்டத்துக்கு முந்தின ஞாயிறு அவள் வீட்டில் விருந்து. சீஸ் போட்டுச் சுட்ட மக்கரோனி, கீரை, கோழி. மார்லன் சாப்பிடாமல் முள்கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தான்.

"அம்மா, கால்மிதி வேணாம்மா."

"எடுத்துட்டு வரமாட்டேன்டா. வாசல்லயே கிடக்கும். சத்தியம்."

"கத்தவும் வேணாம். என்னை மட்டும் இல்ல, கோல்பியையும். உள்ள நிக்கறவனுக்கு எல்லாமே கேக்கும்மா."

கோல்பி என்பது அவனோடு எடுக்கப்பட்ட இன்னொரு புதுப் பையன். எல்லாருக்கும் பின்னால் கடைசிக் காவலாக நிற்பவன். நெப்ராஸ்கா பக்கம் ஏதோ சோளக்காட்டு ஊர்.

"கேக்கணும்னுதானேடா கத்தறோம்! நீ என் இடுப்புல உக்காந்து கத்தினவன்தானே?"

"அப்போ எனக்குத் தெரியாது."

"உன்னைக் கத்தமாட்டேன், போதுமா? அந்தக் கோல்பி என்ன, நான் பெத்த பிள்ளையா?"

நான் சிரித்துவிட்டேன். மார்லன் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினான்.

வீரர்களின் குடும்பத்துக்கு மைதானத்தில் தனி இடம் உண்டு. கண்ணாடி அறை, சூடு, சோபா. மார்லன் அம்மாவுக்கு அதை வாங்கிக் கொடுத்தான். ஒரே ஒரு ஆட்டம் உட்கார்ந்து பார்த்தாள். அடுத்த வாரம் பழைய சீட்டுக்கே திரும்பிவிட்டாள். "அங்க எல்லாரும் கை கோத்துக்கிட்டு ஜெபம் பண்றாங்க வால்ட். கத்த முடியல" என்றாள். நான் சந்தோஷப்பட்டேன், அவள் இல்லாத சீட்டு எனக்கும் பிடிக்கவில்லை.

சத்தியத்தைக் காப்பாற்றினாள், அதைச் சொல்லவேண்டும். கால்மிதி வரவில்லை, கால் மரத்துப்போக வெறும் சிமெண்டில் நின்றாள். மார்லன் தவறும்போது வாயைக் கையுறையால் பொத்திக்கொள்வாள். ஆனால் கோல்பி தவறினால் போதும். அந்தத் தொண்டை திறந்துகொள்ளும். "யாருடா உன்னைப் பெத்தவ? கூப்பிடு அவளை!"

பெத்தவள் ஒருநாள் வந்தே விட்டாள். அக்டோபரில், ஆட்டம் முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில், சின்ன உருவமாக ஒரு அம்மாள் பிஸ்கட் டப்பாவோடு எங்களிடம் வந்தாள். "மார்லனோட அம்மா நீங்கதானே? கோல்பி உங்க பையனைப் பத்தித்தான் ஃபோன்ல பேசறான். அவன் இல்லாட்டி இந்த ஊருல எனக்கு யாரும் இல்லம்மான்னு சொல்றான்." வெர்னெல் டப்பாவை வாங்கிக்கொண்டாள், கட்டியும் பிடித்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு கோல்பி ஒரு ஆளைக் கோட்டைவிட்டபோது பழையபடி கத்தினாள். டப்பாவில் இன்னும் பிஸ்கட் மீதி இருந்தது. எனக்கும் இரண்டு கொடுத்தாள்.

மூன்றாவது புதுப் பையன் முழங்கால் போய் ஆகஸ்டிலேயே படுத்துவிட்டான். மிச்சமிருந்த இருவரையும் வைத்து எல்லா ஓட்டையையும் அடைக்கப் பார்த்தார் பயிற்சியாளர். முன்வரிசைத் தடியர்கள் எதிரணியின் எறிபவனைத் தொடக்கூட மாட்டார்கள். அவன் ஆற அமர நின்று, தலை வாரிக்கொண்டு பந்தை எறிவான். பின்னால் இந்தப் பிள்ளைகள் ஓடி ஓடிச் சாகும். அப்படியும் மார்லன் நாளுக்கு நாள் தேறினான். அவன் பக்கம் பந்தை எறியவே யோசிக்க ஆரம்பித்தார்கள். நவம்பர் கடைசியில் ஒரு அதிசயம்: இன்னும் ஒரு ஆட்டம் ஜெயித்தால் அடுத்த சுற்று பற்றிப் பேசலாம் என்ற நிலைமை.

அன்று பனி கொட்டியது. கோடுகளை மண்வெட்டியால் தோண்டித் தேடினார்கள். முதுகிலிருந்த எண் தெரியவில்லை, ஹெல்மெட்டின் நிறமே தெரியவில்லை. இரண்டு பக்கமும் வெள்ளைப் பொம்மைகள். கடைசி நிமிடங்கள், நாங்கள்தான் முன்னால் இருந்தோம். எதிரணி எறிபவன் எங்கள் கோட்டை நோக்கி ஒரே வீச்சாக நீளமாக எறிந்தான். ஒருவன் தனியாக ஓடிவந்தான், நடுவில் யாருமே இல்லை. எங்கள் ஆள் ஒருவன் எங்கிருந்தோ குறுக்கே பாய்ந்து வந்தான். அரை அடி தாமதம். வழுக்கி விழுந்தான். பந்து கோட்டுக்குள் போய்விட்டது, எங்கள் கம்பிக்கு நேர் கீழே.

மைதானம் செத்துப்போயிற்று. அவ்வளவு பேர் உட்கார்ந்திருக்க, ஒரு இருமல்கூட இல்லை. நடுவில் நின்று காக்கவேண்டியவன் கோல்பி. ஆகவே விழுந்தவன் கோல்பிதான் என்று நாங்கள் எல்லாருமே நினைத்தோம். அந்த அமைதியில் வெர்னெலின் தொண்டை மட்டும் கேட்டது. டிவியில்கூடக் கேட்டதாம்.

"வாங்க, வாங்க! காலைத் துடைச்சுட்டு உள்ள வாங்க! டேய், யாருடா உன்னைப் பெத்தவ? கூப்பிடு அவளை! எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க வந்து உக்காந்திருக்கா, ரெண்டு வார்த்தை கேக்கணும்!"

கீழே மண்டியிட்டிருந்தவன் நிமிர்ந்தான். ஹெல்மெட்டைக் கழற்றி முகத்துப் பனியைத் துடைத்தான். அவளைப் பார்த்தான். எழுந்து போய்விட்டான்.

பின் வரிசையிலிருந்து ஒருவன் மெதுவாகச் சொன்னான். "மிஸ் வெர்னெல், அது உங்க பையன்."

அவளுக்கு அது முன்பே தெரிந்துவிட்டது. கம்பியைப் பிடித்தபடி நின்றாள். வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. யாரோ ஒரு மடையன் சிரித்தான். நான் திரும்பி அவனைப் பார்த்தேன், நிறுத்திக்கொண்டான். நிறுத்தி என்ன பிரயோசனம்.

வண்டி நிறுத்துமிடத்தில் நின்றோம். மார்லன் வரவில்லை. கோல்பி வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தப்பு என்னுது மிஸ் வெர்னெல். சைகையை மாத்திப் புரிஞ்சுக்கிட்டு நான் வேற பக்கம் ஓடிட்டேன். அது அவன் பிடிக்கவேண்டிய ஆளே இல்ல. என் இடத்துக்கும் சேர்த்து ஓடி வந்தான், பாவம்."

"அவன் எங்க?"

"பின்வாசல் வழியா போயிட்டான்."

போனில் மூன்றாம் நாள்தான் கிடைத்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்; நான் அருகில் இருந்தேன். அவள் அழுதாள், பனி என்றாள், எண் தெரியவில்லை என்றாள், கோல்பி என்று நினைத்துவிட்டேன் என்றாள். அதைச் சொன்னதுதான் வினை.

"தெரியும்மா. கோல்பின்னுதான் நினைச்சிருப்பே" என்றான் மார்லன். குரலில் கோபமே இல்லை. "பரவால்ல. அந்தக் கம்பிகிட்ட நின்னா அப்படித்தான் கத்தணும். நீதானே கத்துக்குடுத்தே."

கோபப்பட்டிருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

அந்த வருஷம் எங்கள் தடுப்பாட்டம் லீகில் கடைசிக்கு முந்தின இடம். முந்தின வருஷம் கடைசி. முன்னேற்றம் என்று முதலாளி பேட்டி கொடுத்தார். பிறகு பயிற்சியாளரை அனுப்பினார்கள். புதிதாக வந்தவர் தனக்கு வேண்டிய புதுப் பையன்களை எடுக்க, இருந்தவர்களை விற்றார். கோல்பி சோளக்காட்டுக்கே திரும்பிவிட்டான் என்று கேள்வி. மார்லன் மேற்கே பாலைவனத்து ஊர் ஒன்றுக்குப் போனான். அங்கே முன்வரிசை உருப்படியானது. இவன் இப்போது பெரிய ஆட்டக்காரன். புதுப் பையன்களால் ஒரு தடுப்பாட்டம் தேறுமா என்று டெப்போவில் ஒவ்வொரு ஏப்ரலும் என்னைக் கேட்கிறார்கள். தேறும், வேறு ஊரில் என்கிறேன். சிரிக்கிறார்கள்.

மேற்கே போகுமுன் மூட்டை கட்ட வந்தபோது மார்லன் வாசலில் குனிந்து கால்மிதியைச் சுருட்டிக் கையில் எடுத்தான். "இதை நான் எடுத்துக்கறேன்" என்றான். வெர்னெல் பூரித்துப்போனாள். அம்மா ஞாபகத்துக்கு எடுத்துப் போகிறான், மனசு ஆறிவிட்டது என்று டெப்போ முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நானும் நம்பினேன்.

போன வசந்தத்தில் முதல்முறையாக அவன் புது வீட்டுக்குப் போய்வந்தாள். இரண்டு வாரம் என்று போனவள் நாலே நாளில் திரும்பிவிட்டாள். விமான நிலையத்திலிருந்து நான்தான் கூட்டி வந்தேன். பாதி வழியில் சொன்னாள்.

"வாசல்ல அதைப் போட்டிருக்கான், வால்ட்."

"எதை?"

"கால்மிதியை. கதவைத் திறந்தான், கட்டிப்பிடிச்சான், பெட்டியை வாங்கிக்கிட்டான். நான் உள்ள கால் வைக்கப் போனேன். 'வாங்க, வாங்க, காலைத் துடைச்சுட்டு உள்ள வாங்க'ன்னான்."

"விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான்."

"சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்."

வைப்பர் கண்ணாடியில் தேய்ந்துகொண்டிருந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம். "நீ என்ன பண்ணினே?"

"அந்த ஊருல பனி ஏது, சேறு ஏது" என்றாள் வெர்னெல். "ரெண்டு காலையும் நல்லாத் துடைச்சேன்."