அப்பாவின் கட்சி

விடுதியில் என் அறைத்தோழிக்குப் பூனை என்று பெயர். அவள் கதவைத் திறப்பதும் கேட்காது, நடப்பதும் கேட்காது. வகுப்பில் எழுந்து நின்றால் பேசுவதும் கேட்காது.

வரலாறு, தாவரவியல், நாடகம், தத்துவம் என்று எல்லாவற்றையும் கலந்து படிக்க வைக்கும் கல்லூரி எங்களுடையது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை. “எந்த மாடின்னு பட்டன் அமுக்காம லிஃப்ட்ல ஏறி நிக்கிறியேம்மா” என்பார். பூனை தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடிப்பாளாம். அம்மாவுக்கும் பிடிக்கவில்லை; அம்மா பேச ஆரம்பித்தால் அப்பாவே அடங்கிவிடுவாராம்.

தத்துவ வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. தனக்கு ஆகவே ஆகாத கருத்து எதுவோ, அதற்காகத்தான் ஒருவர் வாதாட வேண்டும். வகுப்பு முடியும் வரை ‘இது என் கருத்தில்லை’ என்று மூச்சுவிடக் கூடாது. அந்த வாரம் பூனையின் முறை. ‘இந்தப் படிப்பு வீண்’ என்ற தலைப்பை அவளே எடுத்திருந்தாள்.

பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்கலாம் என்று அறிவித்திருந்த நாள் அது. அவள் அப்பா சொல்லாமல் வந்து நின்றார்.

“அக்கவுண்ட்ஸ் கோர்ஸ்ல இடம் இருக்காம். உன் வகுப்பப் பாத்துட்டு இன்னிக்கே முடிவு பண்ணிடலாம்.”

பூனை என் மணிக்கட்டைப் பிடித்தாள். “தலைப்ப மாத்திக்கவா?”

“இப்பவா? மேடம் கொன்னுடுவாங்கடி.”

வகுப்பில் பெயரைக் கூப்பிட்டதும் பூனை எழுந்தாள். முதலில் குரலே வரவில்லை. பிறகு வந்தது அவள் அப்பாவின் குரல். பட்டன் அமுக்காத லிஃப்ட் வந்தது, கைத்தொழில் வந்தது, அவருடைய மூட்டுவலி வந்தது. வகுப்பு சிரித்தது, பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டது. பின்வரிசையில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவரிடம் “என் பொண்ணு” என்றார். இவள் எவ்வளவு நன்றாகப் பேசுகிறாளோ அவ்வளவு ஆபத்து. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஒரு வாதத்தைக்கூட அவள் வேண்டுமென்றே சொதப்பவில்லை.

கடைசியாகச் சொன்னாள்: “படிச்சுட்டு வந்த பிள்ளைகிட்டப் பேச நமக்கு வார்த்தை இருக்காதோன்னு ஒரு பயம். அதை வெளியில சொல்ல முடியாது. அதனாலதான் வேலை கிடைக்குமான்னு கேக்குறோம்.”

பின்வரிசையில் அதுவரை தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்த அவள் அப்பா ஆட்டுவதை நிறுத்தினார்.

மணி அடித்து எல்லோரும் வெளியேறியதும் அவர் வந்தார். “நீயே சொல்லிட்டியே. பெட்டியக் கட்டு.”

“அப்பா, அது உங்க கட்சி. என் கட்சி வேற.”

“அப்ப இத்தனை பேர் முன்னாடி பொய் சொன்னியா?”

அவர் முகம் இறுகிவிட்டது. நான் கதவோரம் நகர்ந்தேன்.

“இல்லப்பா. நீங்க சொல்றது எனக்குப் புரியுதான்னு பாத்தேன்.”

“கடைசில ஒண்ணு சொன்னியே. அத நான் எப்பச் சொன்னேன்?”

“நீங்க சொல்லலப்பா.”

அவர் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “சரி. உன் கட்சியச் சொல்லு.”

“பயமா இருக்குப்பா. தப்பாப் பேசிட்டா கூட்டிட்டுப் போயிடுவீங்க.”

“பேசலைன்னாலும் கூட்டிட்டுத்தான் போவேன்.”

பேசினாள். அப்பாவின் கட்சி பேசியபோது இருந்த வேகம் இல்லை. திக்கினாள், விட்ட இடத்தைத் தேடி மறுபடி ஆரம்பித்தாள். அவர் குறுக்கே குறுக்கே கேட்டார்.

“வேலை கிடைக்குமா?”

“தெரியாதுப்பா.”

முடிந்தது என்று நினைத்தேன். ஏதாவது பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வகுப்புக்காரர்கள் கதவைத் தட்டினார்கள்.

“எனக்கு இன்னும் சரின்னு படல” என்று எழுந்தார். “லீவுக்கு வருவல்ல, மிச்சத்த அங்க பேசு.”

பெட்டியைப் பற்றி அவர் மறுபடி எதுவும் கேட்கவில்லை. அவர் தெருவைக் கடக்கும் வரை ஜன்னலில் நின்றிருந்த பூனை, வெளிறிய முகத்துடன் என் பக்கம் திரும்பினாள்.

“லீவுல அம்மாவும் இருப்பாங்கடி.”