யாக்கோப்பின் சில்லு

நெடுந்தீவுக் கரையில் ஒரு வள்ளத்தை மணலில் ஏற்ற எட்டுத் தோள் வேண்டும். இன்று உன் வள்ளத்துக்கு நான், நாளை என்னுடையதற்கு நீ. இதில் கூலி இல்லை, மறதியும் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் ஆண்டு மாரியில் நெஞ்சு நோயில் படுத்தெழும்பிய யாக்கோப்புக்கு அந்தத் தோள் போய்விட்டது.

அவருடைய வள்ளத்தை இழுக்க எவரும் மறுக்கவில்லை. அதுதான் அவரைத் தின்றது. திருப்பிக் கொடுக்க ஏலாதவன் எத்தனை நாளைக்கு வாங்குவது? வள்ளத்தை விற்றுவிடப் போவதாக மனைவி கத்தரீனாவிடம் சொன்னார்.

"வித்துப்போட்டு ஆரின்ரை வள்ளத்திலை கூலிக்குப் போகப்போறியள்?" என்று கேட்டுவிட்டு அவள் குசினிக்குள் போனாள்.

கோயில் கிணற்றில் உருளையைச் சுற்றித் தண்ணீர் அள்ளுவதை அவர் பார்த்திருக்கிறார். கரையில் இரண்டு கட்டைகளை ஆழ நட்டு, அவற்றின் மேல் ஒரு பூவரசங்குற்றியை உருளப் போட்டு, அதன் நுனியில் ஒரு வண்டிச் சில்லைப் பூட்டினார். பெரிய சில்லைச் சுற்றப் பெரிய பலம் வேண்டும், நோயாளிக்குச் சின்னதே போதும் என்று நினைத்து, கைவண்டிச் சில்லைத்தான் எடுத்தார். வள்ளத்துக் கயிற்றைக் குற்றியில் சுற்றிக் கட்டி, சில்லைத் திருப்பினார். வள்ளம் அசையவில்லை.

வலையோடு போன குருசுமுத்து நின்று பார்த்தான். "சுத்துறது சில்லில்லை அண்ணை, உங்கடை தலைதான்."

யாக்கோப்பு ஒரு துடுப்பைச் சில்லுக்குக் குறுக்கே கட்டி, அதன் நுனியைப் பிடித்துத் தொங்கினார். வள்ளம் ஒரு சாண் நகர்ந்தது. கையைக் குற்றிக்குக் கிட்டக் கொண்டுவந்தார், நின்றுவிட்டது. மறுபடியும் நுனிக்குப் போனார், நகர்ந்தது. அப்படியே மணலில் இருந்துவிட்டார். சின்னதென்று நம்பியதுதான் பாரமாய் இருந்திருக்கிறது.

மறுநாள், வண்டிக்கார ஏரம்புவின் உடைந்த மாட்டுவண்டியிலிருந்து நெஞ்சளவு உயரச் சில்லொன்றைக் கேட்டு வாங்கிப் பூட்டினார். விளிம்பைப் பிடித்து இழுத்தபோது கை நோகவில்லை. ஆனால் சில்லு ஒரு முழுச்சுற்று வந்தும் வள்ளம் கொஞ்சந்தான் ஊர்ந்தது. பலம் குறைந்த அளவுக்கு வழி நீண்டது. எட்டுப் பேர் பாடி இழுத்து ஒரு பாட்டுக்குள் முடிக்கிற வேலைக்கு அவருக்கு ஒரு காலைப்பொழுது போனது. இடையிடையே இருமினார். வள்ளம் மேட்டில் ஏறியது.

குருசுமுத்து சிரிக்கவில்லை. தன் வள்ளத்துக் கயிற்றின் தலைப்பைக் கொண்டுவந்து நீட்டினான்.

"என்ரையையும் இழுத்துத் தாருங்கோ, அண்ணை."

"நேரம் செல்லும்."

"செல்லட்டும்" என்று அவன் மணலில் குந்தினான்.

யாக்கோப்பு கயிற்றைக் குற்றியில் சுற்றினார். நெஞ்சை ஒருமுறை தடவிக்கொண்டு, சில்லின் விளிம்பைப் பிடித்தார்.