ஜெசிந்தா எழுதாமல் விட்ட வரி

வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, ஜெசிந்தாவின் தம்பி ரெஜியிடமிருந்து அழைப்பு வந்தது. "மிஸ், அக்கா எங்களை விட்டுப் போயிட்டா." காலி வீதி இரைச்சலில் நின்ற எனக்கு முதலில் வந்தது கோபம்தான். வேலையைப் பாதியில் விட்டுப் போகிற ஆள் அல்ல ஜெசிந்தா.

கொட்டாஞ்சேனையில் அவரோடு வளர்ந்த உங்களில் பலருக்கு அவர் எங்கள் ஆய்வுகூடத்தில் என்ன செய்தார் என்று தெரியாது. டைனோசர்களை அழித்த பேரழிவில் எந்தச் சிறு பாலூட்டிகள் தப்பின என்று தேடினார். எலியளவுப் பிராணிகள், எலும்பு மக்கிப் போகும், பல்தான் மிஞ்சும். அதன் மேடுபள்ளத்தைப் பார்த்தே பூச்சி தின்றதா, பழம் தின்றதா என்பார். அவர் முன்னால் வாய்விட்டுச் சிரிக்கவே எங்களுக்குக் கூச்சம். "அந்தக் கொடுப்புப் பல்லை ஒருக்காக் காட்டும்," என்று கிட்ட வந்துவிடுவார்.

இந்தியாவிலிருந்து இரண்டு சாக்குக் களிமண் வந்தது. ஒன்று அழிவுக்கு முந்திய மண்படை, மற்றது பிந்தியது. கொலன்னாவையில் எங்கள் களஞ்சியத்துக்குள் வெள்ளம் புகுந்து இரண்டையும் ஒரே சேறாக்கியது. அந்தச் சேற்றை அரித்துத்தான் அரிசிக் குறுணியளவில் ஒரு பல்லை எடுத்தார். அப்படியொன்றை நாங்கள் யாரும் கண்டதில்லை. எந்தச் சாக்கிலிருந்து வந்தது என்று தெரியவில்லை; பிந்திய படையினது என்றால், அழிவைத் தாண்டி வந்த உயிர்.

அப்படியே எழுதச் சொல்லி எல்லோரும் நெருக்கினோம். "தப்பினது எண்டு சொல்ல எனக்கும் ஆசைதான். ஆசையைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது," என்றார். பல்லின் இடுக்கில் ஒட்டியிருந்த மண்ணை, எந்தப் படையினது என்று சோதிக்கக் கொடுத்துவிட்டுத்தான் நோயில் விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "மண் ஏதும் சொல்லிச்சா?"

"இல்லை. சோதிக்க அந்தளவு மண் காணாதாம்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். ஒரு பொய் சொல்லியிருக்கலாமோ என்று இன்றும் யோசிக்கிறேன்.

முப்பத்தோராம் நாளுக்கான இந்த நினைவு மலரின் அட்டையில் 'பேரழிவில் தப்பிய உயிரைக் கண்டறிந்தவர்' என்று போட ரெஜி விரும்பினார். நான் மறித்தேன்.

"அப்ப அக்கா ஒண்டும் கண்டுபிடிக்கேல்லையா, மிஸ்?"

பதிலை இங்கே எழுதுகிறேன். ரெஜி, உமது அக்கா ஒரு பல்லைக் கண்டார். அதைத் தன் விருப்பத்துக்கு வளைக்காமல் விட்டார். இது உமக்குப் போதாது என்று தெரியும்; எனக்கும் போதவில்லை. ஆனாலும் இதற்கு மேல் ஒரு சொல் எழுதக் கை வரவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தத் தயக்கம்தான்.