மூன்றாவது தட்டு

எனக்கும் பம்பரத்துக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். இந்தப் பக்கம் என் இரண்டாம் வகுப்பு, அந்தப் பக்கம் அவளுடைய மூன்றாம் வகுப்பு. அவள் செருப்புச் சத்தத்தை வைத்தே அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவேன். சடசடவென்று கேட்டால் பிள்ளைகள் தப்பாகப் படிக்கிறார்கள். இன்னும் வேகமாகக் கேட்டால் ஒரு தப்பும் இல்லாமல் படிக்கிறார்கள், அதுதான் அவளுக்குப் பொறுக்காது.

பம்பரம் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். ஆசிரியர் அறையிலும் அதுவே நிலைத்துவிட்டது. அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பாட்டு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றபடியே சாப்பிடுவாள். வகுப்பில் அவள் நாற்காலியில் எப்போதும் நோட்டுகள்தான் உட்கார்ந்திருக்கும். ஒருமுறை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாடியில் இரண்டே அறை. எனக்கு டீ போட்டுக்கொண்டே துணி மடித்தாள், துணி மடித்துக்கொண்டே நோட்டுத் திருத்தினாள். மாமியார் என்னிடம் முறையிட்டார்: "கால்ல சக்கரத்தோட பொறந்தவம்மா இவ. உக்காந்தா யாராவது வாடகை கேப்பாங்களா?" டெலிவரி வேன் ஓட்டுகிற கணவர் சிரித்தார். "வண்டி ஓட்டுறவன் நான். ஓடுறது அவ."

ஓடுவதற்குக் காரணம் இருந்தது. அவள் தற்காலிக ஆசிரியை. வருடத்துக்கு ஒரு பள்ளிக்கூடம், வருடத்துக்கு ஒரு பஸ். எங்கள் பள்ளிக்கு வருடக் கடைசியில் ஓர் அதிகாரி வந்து, வகுப்புக்கு ஒரு பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். பிள்ளை கடகடவென்று படித்து, கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டால் அவளுக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

எங்கள் பிள்ளைகள் இந்த விஷயத்தில் சூரப்புலிகள். அஸ்திவாரம் போட்டது நான்தான், அதைச் சொல்லிக்கொள்ள எனக்கென்ன கூச்சம்? கேள்வியில் இருக்கிற வார்த்தை பாடத்தில் எங்கே வருகிறது என்று தேடு, அந்த வரிக்குக் கீழே கோடு போடு, அப்படியே எழுது. இரண்டாம் வகுப்பிலேயே இதை ஊட்டிவிடுவேன். மதிப்பெண் குறைந்ததாக ஒரு பெற்றோரும் வந்து நின்றதில்லை.

ஒரு நாள் மதியம் பம்பரம் என் வகுப்புக்குள் நுழைந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. கையில் ஒரு கத்தைத் தாள்.

"அக்கா, நானே ஒரு பாடம் எழுதி போர்டுல போட்டேன். கீழ ஒரு கேள்வியும் கேட்டேன். படிச்சுப் பாருங்க."

படித்தேன். 'தையல்காரர் ஒரு சட்டையைத் தொட்டியில் நட்டார். தினமும் தண்ணீர் ஊற்றினார். சட்டை முளைத்துக் குரைத்தது. சட்டை என்ன செய்தது?' ஒவ்வொரு தாளிலும் ஒரே பதில். சட்டை முளைத்துக் குரைத்தது. முத்து முத்தான கையெழுத்து.

"சரியாத்தானே எழுதியிருக்காங்க?" என்றேன்.

"ஒரு பிள்ளைகூடச் சிரிக்கலக்கா." தாள்களை ஒவ்வொன்றாக என் மேசையில் போட்டாள். "சட்டை குரைக்குது, ஒருத்தருக்கும் சிரிப்பு வரல. அப்போ இத்தனை மாசமா இவங்க என்னத்தைப் படிச்சாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. "பரீட்சையில சட்டை குரைக்காதும்மா, போய் வேலையப் பாரு" என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாளே அவள் வகுப்பில் புதுச் சட்டம் வந்தது. இடிச்சா நில்லு. படிக்கும்போது ஏதாவது மனசுக்கு இடித்தால், அந்த இடத்திலேயே நிறுத்தி "இடிக்குது டீச்சர்" என்று சொல்ல வேண்டும். முதல் சில நாள் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஆரம்பித்தது பாருங்கள்! "கடைக்காரர் தூங்கிட்டாருன்னு போட்டிருக்கு. அப்புறம் மிட்டாய் யாரு குடுத்தா? இடிக்குது டீச்சர்." "குடையை மறந்துட்டுப் போனவன் மழையில நனையவே இல்லையே, எப்படி டீச்சர்?" ஒரு பக்கம் படிக்க ஒரு காலைப்பொழுது போதவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. இந்தப் பக்கம் எனக்கு எரிச்சல்.

பெற்றோர்கள் வந்துவிட்டார்கள். "போன வருஷம் மளமளன்னு படிச்ச பிள்ளை, இப்ப நின்னு நின்னு படிக்குது, என்ன சொல்லித் தர்றீங்க?" தலைமையாசிரியர் அவளை வராந்தாவில் மடக்கினார். "வண்டி ஓடணும் டீச்சர். எதுக்கு இத்தனை பிரேக்?" அவள் சரி சார் என்றாள், வகுப்புக்குத் திரும்பினாள், பிரேக்கை எடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து செருப்புச் சத்தம் இன்னும் கூடிற்று. மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்துவிட்டு நடப்பாள்.

ஒரே ஒருத்தி மட்டும் எந்த வரியிலும் நிற்கவில்லை. பிள்ளைகள் ரேடியோ என்று பட்டப்பெயர் வைத்திருந்த பெண். போன வருடம் என் மாணவி, என் பெருமை. புத்தகத்தைக் கையில் கொடுத்தால் போதும், மூச்சு வாங்காமல் கடைசி வரிக்குப் போய்த்தான் நிற்பாள். "உனக்கு எதுவுமே இடிக்கலையா?" என்று பம்பரம் கெஞ்சுவாள். "இல்ல டீச்சர். அடுத்த பக்கமும் படிக்கட்டுமா?" வீட்டில் அவளும் அம்மாவும்தான். அப்பா வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார், சீக்கிரம் வந்துவிடுவார் என்று ரேடியோ எல்லோரிடமும் சொல்வாள். பள்ளி வாசலில் நிற்கிற அம்மாக்கள் வேறு மாதிரிப் பேசிக்கொண்டார்கள்.

அதிகாரி வருகிற அன்று படிப்பதற்குத் தலைமையாசிரியர் ரேடியோவைத்தான் தேர்ந்தெடுத்தார். வேறு யாரைத் தேர்ந்தெடுப்பார்? காலையில் மணி அடிக்கும் முன்பே பம்பரத்தின் செருப்பு வராந்தாவை அளந்துகொண்டிருந்தது. ரேடியோவை ஓரமாக அழைத்துப் போய்க் குனிந்து சொன்னாள்: "இன்னைக்கு மட்டும் இடிச்சாலும் நிக்காத, கண்ணு. படிச்சிட்டே போயிடு."

நிமிர்ந்தபோது நான் நிற்பதைப் பார்த்துவிட்டாள். முகம் சுண்டிப் போயிற்று.

"என்னக்கா பண்றது?"

"நீ பண்ணதுல ஒரு தப்பும் இல்ல" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். கொள்கை பேசினால் குடும்பம் நடக்குமா?

அதிகாரி கையில் ஸ்டாப் வாட்சோடு உட்கார்ந்தார். என் பிள்ளைகளிடம் வாய்ப்பாட்டைக் கொடுத்துவிட்டு, நான் மூன்றாம் வகுப்பு வாசலில் தலைமையாசிரியர் பக்கத்தில் போய் நின்றேன். அதிகாரி கொண்டுவந்த தாளை ரேடியோ வாங்கினாள். வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"அப்பா வேலைக்காக வெளியூர் போனார். சீக்கிரம் வந்துவிடுவேன் என்று சொன்னார். அன்று இரவு அம்மா மேசையில் மூன்று தட்டு வைத்தாள். பிறகு ஒரு தட்டை எடுத்து உள்ளே வைத்தாள்."

நின்றுவிட்டாள்.

இன்னும் அரைப் பக்கம் மிச்சம். வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. "ம், படிம்மா" என்றார் அதிகாரி. தலைமையாசிரியர் இருமினார். பம்பரத்தின் உதடு சத்தமில்லாமல் படி, படி என்றது. ரேடியோ தாளையே பார்த்தாள். அப்புறம் டீச்சரைப் பார்த்தாள்.

"இடிக்குது டீச்சர்."

ஒன்றுமில்லை, மேலே படி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை கைக்கு வந்துவிடும். பம்பரம் வாயைத் திறந்தாள். மூடினாள். நான் மனசுக்குள் கத்தினேன், சொல்லித் தொலையேன்!

"எங்க இடிக்குது?" என்று கேட்டாள்.

"தட்டை எடுத்து உள்ள வெச்சிட்டாங்களே. அப்போ அவர் வரமாட்டாருன்னு அம்மாவுக்குத் தெரியும்தானே?"

அதிகாரி வாட்சை நிறுத்தினார். "நேரம் முடிஞ்சுது. முழுசாப் படிக்கல. பரவால்ல, கேள்விக்காவது பதில் சொல்லு. அம்மா மேசையில் எத்தனை தட்டு வைத்தாள்?"

"ரெண்டு."

"தப்பு. மூணு."

"சார்," பம்பரம் இரண்டடி முன்னால் வந்தாள், "மூணு வெச்சு, ஒண்ண எடுத்துட்டாங்க. அவ கணக்குப் போட்டுச் சொல்றா சார்."

"பாடத்துல மூணுன்னுதானே இருக்கு? அந்த வரிய அப்படியே சொன்னாப் போதும். இவ்வளவு எதுக்கு?"

நான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்த பாடம் அவர் வாயிலிருந்து வந்தது. எங்கிருந்து எனக்கு அத்தனை கோபம் வந்ததோ தெரியவில்லை. "பொண்ணு சொல்றதுதான் சார் சரி" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுத வேண்டியதை எழுதிக்கொண்டு எழுந்தார். தலைமையாசிரியர் பின்னாலேயே ஓடினார். பம்பரத்துக்கு அடுத்த வருடம் வேறு பஸ்தான் என்பது அந்த அறையில் இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அவள் பலகையருகே போனாள், ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். "போகுது விடுங்கக்கா. போகுது விடுங்க" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே மறுபடி ஜன்னலுக்குப் போனாள்.

ரேடியோ அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"டீச்சர்."

"நீ தப்பு ஒண்ணும் பண்ணல கண்ணு. போய் உக்காரு."

"இல்ல டீச்சர். எங்க வீட்டுலயும் இப்பல்லாம் அம்மா ரெண்டு தட்டுதான் வெக்கிறாங்க."

செருப்புச் சத்தம் நின்றது. பம்பரம் நாற்காலியிலிருந்த நோட்டுகளை வாரித் தரையில் வைத்தாள். உட்கார்ந்தாள். ரேடியோவைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டாள். மணி அடித்து, பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.